நாத்தனாரின் முகப்பூச்சில் ஈயம்

தெலுக் பங்லிமா காராங் தொழிற்பேட்டையில், பிளாஸ்டிக் நாற்காலி செய்யும் தொழிற்சாலைக்கும் உறைந்த மீன் வைக்கும் கிடங்குக்கும் நடுவில் இருக்கிறது நான் பதினெட்டு வருஷமாக வேலை பார்க்கும் லேப். கிணற்றுத் தண்ணீர், தொழிற்சாலைக் கழிவுநீர், லிப்ஸ்டிக், மாட்டுத் தீவனம் என்று எது வந்தாலும், அதில் என்னென்ன உலோகம் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துச் சொல்வது எங்கள் தொழில். குடும்பத்தில் யாருக்கும் இது சரியாகப் புரியாது. கல்யாண வீடுகளில் என்னை "லேப்ல இருக்காங்க" என்று அறிமுகம் செய்வார்கள். உடனே எதிரில் இருப்பவர் தன் கொலஸ்ட்ரால் எவ்வளவு என்று சொல்ல ஆரம்பிப்பார்.

என் கணவருடைய அக்கா ஒருவர்தான் என் வேலையைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொண்டவர். நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன். பேங்கில் இருபத்தெட்டு வருஷம் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவர். பிரிக்பீல்ட்ஸில் ஒரு அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார். வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் முகப்பூச்சு மாவு அரைத்து விற்க ஆரம்பித்திருந்தார். முல்தானி மிட்டி, கஸ்தூரி மஞ்சள், காய்ந்த ரோஜா இதழ், ஆரஞ்சுத் தோல். கீழே இருந்த பியூட்டி பார்லரில் அது நன்றாகப் போனது. பிறகு கிள்ளான் லிட்டில் இந்தியாவில் ஒரு பெரிய கடை, தீபாவளிக்கு வாங்கி வைக்கிறோம், ஆனால் முறையாகப் பதிவு செய்து, உலோகப் பரிசோதனை அறிக்கையும் கொண்டு வாருங்கள் என்று கேட்டது.

"உங்க லேப்லயே செஞ்சிடலாம் மா," என்றார் அண்ணி. "வெளியில குடுத்தா எவன் என்ன எழுதுவான்னு தெரியாது."

சொந்தக்காரர்களுடைய மாதிரி வந்தால் பாஸிடம் சொல்ல வேண்டும் என்பது விதி. எங்கள் பாஸ் ஒரு சீனர், லேப் அவருடையதுதான். நாங்கள் பேசுவது ஆங்கிலமும் மலாயும் கலந்தது. இங்கே தமிழில் எழுதுகிறேன். அறிக்கையில் கையெழுத்துப் போடும் அதிகாரம் லேபில் இரண்டே பேருக்கு: எனக்கும், நான் கக் என்று கூப்பிடும் ஒரு மலாய் அக்காவுக்கும். கக் அப்போது உம்ரா புனிதப் பயணம் போயிருந்தார்.

"முகத்துக்குப் பூசுற பவுடர்தானே லா," என்றார் பாஸ். "அதெல்லாம் பெயில் ஆகாது. நீயே பாத்துடு."

நாங்கள் பயன்படுத்தும் மெஷினைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மாவை அமிலத்தில் கரைத்து, அந்தக் கரைசலை மெல்லிய புகைபோலத் தூவி, பிளாஸ்மா என்கிற ஒரு சுடருக்குள் அனுப்புவோம். சூரியனின் மேற்பரப்பைவிடச் சூடான சுடர் அது. அந்தச் சூட்டில் ஒவ்வொரு உலோகமும் தனக்கென்று உள்ள நிறத்தில் ஒளிவிடும். ஈயத்துக்கு ஒரு கோடு, செம்புக்கு ஒரு கோடு என்று அந்த ஒளியைப் பிரித்து, எந்தக் கோடு எவ்வளவு பிரகாசமாக இருக்கிறது என்று மெஷின் அளக்கும். எத்தனையோ தொழிற்சாலை முதலாளிகளிடம் "மெஷின் பொய் சொல்லாது சார்" என்று நான் சொல்லியிருக்கிறேன்.

அண்ணியின் மாவில் ஈயம், சட்டம் அனுமதிக்கும் அளவைத் தாண்டி வந்தது. இன்னொரு முறை கரைத்துப் பார்த்தேன். மறுநாள் மூன்றாவது முறையும் பார்த்தேன். அதே எண். ஒரே எண் திரும்பத் திரும்ப வந்தால் அது உண்மை என்று நம்புவது எங்கள் பழக்கம். தப்பும் அதே மாதிரி திரும்பத் திரும்ப ஒழுங்காக வரலாம் என்பது யூனிவர்சிட்டியில் பரீட்சைக்குப் படித்து, பரீட்சையோடு மறந்துபோன விஷயம்.

கையெழுத்துப் போட்டுவிட்டு அண்ணிக்கு போன் செய்தேன். விஷயத்தைச் சொன்னேன்.

"அப்போ நான் இத்தனை நாளா பொம்பளைங்களுக்கு விஷம் வித்திருக்கேன்னு சொல்றியா?"

"அப்படி இல்ல அண்ணி. தோல் வழியா அவ்வளவா உள்ள போகாது. ஆனா விக்க முடியாது."

"என் மக போடுறா," என்றார். "இப்ப அவளுக்கு அஞ்சு மாசம்."

அவர் மகளுக்கு அது முதல் பிள்ளை. அன்று மாலையே அண்ணி அவளைக் கூட்டிக்கொண்டு போய் ரத்தப் பரிசோதனை செய்தார். முடிவு வர மூன்று நாள் ஆனது. அந்த மூன்று நாளும் அண்ணி என் போனை எடுக்கவில்லை. ரத்தத்தில் ஒன்றும் இல்லை என்று வந்த செய்தியைக்கூட என் கணவர் மூலமாகத்தான் கேட்டேன்.

என் கணவர் போர்ட் கிள்ளானில் ஒரு கப்பல் சரக்குக் கம்பெனியில் வேலை செய்கிறார். அக்காவுக்கும் மனைவிக்கும் நடுவில் எப்போதும் பேசாமல் இருந்தே காலத்தை ஓட்டியவர். இந்த முறை சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே, "இன்னொரு தடவை நல்லா பாத்திருக்கலாம்ல?" என்றார்.

"மூணு தடவை பாத்தேங்க."

"அதைத்தான் அக்காவும் சொல்றா. மூணு தடவை பாத்து உறுதி பண்ணிக்கிட்டு சொல்லியிருக்கா, என்னை மாட்டிவிட அவ்வளவு ஆசைன்னு."

என் உறவுகளில் பாதிப் பேர் இதைத்தான் நம்பினார்கள். கல்யாணம் ஆனதிலிருந்து அண்ணி என் சாம்பாரைப் பற்றிச் சொன்னதெல்லாம் ஊருக்கே தெரியும். அதற்கெல்லாம் சேர்த்து நான் லேப் அறிக்கையில் பதில் எழுதிவிட்டதாகப் பேசிக்கொண்டார்கள். லேபிலோ கதை நேர் எதிராக இருந்தது. மாதக் கூட்டத்தில் பாஸ் திரையில் ஒரு படம் போட்டார். நடுவில் 'நேர்மை' என்று ஆங்கிலத்தில் பெரிய எழுத்து. "சொந்த நாத்தனாரையே பெயில் ஆக்கியிருக்கிறாள். இதுதான் நம்ம லேப்," என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் சந்தோஷமாகத்தான் இருந்தேன். அதை மறைக்க மாட்டேன்.

அந்தச் சந்தோஷத்தில் இன்னொரு காரியமும் செய்தேன். ஈயம் எங்கிருந்து வந்திருக்கும் என்று என் கணவர் மூலமாக அண்ணி கேட்டு அனுப்பியபோது, "மஞ்சளா இருக்கும். நிறம் வரணும்னு ஈயச் சாயம் கலக்குறாங்க, எத்தனையோ நாட்டுல புடிச்சிருக்காங்க," என்றேன். மஞ்சளை நான் தனியாகப் பரிசோதிக்கவே இல்லை. கைதட்டல் வாங்கியவள் சொன்னால் அது தீர்ப்புதானே.

அடுத்த சனிக்கிழமை அண்ணி கிள்ளானுக்கு ரயில் ஏறி, வழக்கமாக மஞ்சள் வாங்கும் மளிகைக் கடைக்குப் போய், நான்கு வாடிக்கையாளர்கள் முன்னால் கடைக்காரரைக் கேட்டுவிட்டார். கடைக்காரருக்கு அறுபது வயதிருக்கும். அவர் கத்தவில்லையாம். டின்னிலிருந்து கஸ்தூரி மஞ்சளை ஒரு கைப்பிடி எடுத்து, அதில் பாதியை வாயில் போட்டுக்கொண்டு, அந்தக் கசப்போடு அப்படியே நின்றாராம். பிறகு மிச்சத்தை ஒரு பையில் கட்டிக் கொடுத்து, "உங்க தம்பி சம்சாரத்துக்கிட்ட குடுத்து இதையும் பாக்கச் சொல்லுங்க அக்கா," என்றாராம். வாங்க வந்த நான்கு பேரில் மூன்று பேர் ஒன்றும் வாங்காமல் போய்விட்டார்கள்.

அந்தப் பை என் கணவர் வழியாக என்னிடம் வந்தது. கூடவே அண்ணி மற்ற சாமான்களிலும் கொஞ்சம் கொஞ்சம் தனித்தனியாகக் கட்டி, பேங்க் எழுத்தில் பெயர் எழுதி அனுப்பியிருந்தார். அவருடைய மாவை நான் கெடுத்தேனே தவிர, அவருடைய ஒழுங்கைக் கெடுக்கவில்லை.

மஞ்சளில் ஈயம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. ரோஜா இதழில் இல்லை. ஆரஞ்சுத் தோலிலும் இல்லை. ஈயம் முழுவதும் முல்தானி மிட்டியில், அதாவது களிமண்ணில் இருந்தது. மஞ்சள் கடைக்காரர்மேல் வீண்பழி போட்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. வீட்டுக்குப் போகும் வழியில் வேறு இரண்டு கடைகளில் வேறு வேறு கம்பெனி முல்தானி மிட்டி வாங்கினேன். இரண்டிலும் கிட்டத்தட்ட அதே அளவு ஈயம். லேப் அலமாரியில் கிடந்த வெள்ளைக் களிமண்ணைக் கரைத்தேன். அதிலும் ஈயம். உலகத்தில் உள்ள எல்லாக் களிமண்ணும் ஒரே நேரத்தில் கெட்டுப்போகாது. கெட்டது வேறு ஏதோ ஒன்று.

ஈயத்துக்கு ஒரே ஒரு கோடு இல்லை. சில கோடுகள் உண்டு. நாங்கள் வழக்கமாகப் பார்ப்பது அதில் ஒன்றை. இன்னொரு கோட்டில் பார்த்தேன். அங்கே ஈயம் பாதிகூட இல்லை. ஒரே கரைசல், ஒரே மெஷின், இரண்டு விடை.

களிமண்ணில் எது அதிகம்? அலுமினியம். எங்களிடம் சுத்தமான அலுமினியக் கரைசல் ஒரு பாட்டில் இருந்தது. வேறு எந்த உலோகமும் அதில் இல்லை என்று சான்றிதழோடு வருவது. அதை மெஷினுக்குக் கொடுத்தேன். ஈயம் இருக்கிறது என்றது மெஷின். குழாயைக் கழுவிவிட்டு மறுபடி கொடுத்தேன். இருக்கிறது என்றது. நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

நடந்தது இதுதான். நாங்கள் பார்க்கும் ஈயக் கோட்டுக்குப் பக்கத்திலேயே அலுமினியமும் ஒளிவிடுகிறது. கொஞ்சமாக இருந்தால் தொந்தரவு இல்லை. களிமண்ணில் இருப்பதுபோல ஏராளமாக இருந்தால், அந்த வெளிச்சம் ஈயத்தின் கோட்டின்மேல் வழிந்து, ஈயத்தின் கணக்கில் சேர்ந்துவிடும். இதைக் கழித்துவிட ஒரு வழி உண்டு. மெஷினின் செய்முறையில் ஒரு பட்டியல் இருக்கிறது. எந்த உலோகம் எதைக் கெடுக்கும், எவ்வளவு கழிக்க வேண்டும் என்று அதில் எழுதி வைக்க வேண்டும். அந்தப் பட்டியலைத் திறந்தேன். அலுமினியத்துக்கான கட்டம் காலியாக இருந்தது. அந்தச் செய்முறையை எழுதியவர் யார் என்று பார்த்தேன். பல வருஷத்துக்கு முன்னால், தண்ணீருக்கும் கிரீமுக்கும் என்று நான் எழுதியது. கீழே என் கையெழுத்து மிகவும் அழகாக இருந்தது.

இன்னொன்றும் தெரிந்தது. அளவு தெரிந்த ஈயத்தைக் களிமண் கரைசலில் நானே சொட்டுச் சொட்டாகச் சேர்த்துப் பார்த்தபோது, சேர்த்ததில் ஒரு பங்கு காணாமல் போனது. கரைசல் கனமாக இருந்தால் பிளாஸ்மாவுக்குப் போகும் புகை குறையும், சுடரின் தன்மையும் மாறும், ஒளி மங்கும். ஆக, எங்கள் மெஷின் களிமண்ணைக் கண்டால் இல்லாத ஈயத்தைக் கூட்டியும் இருக்கிற ஈயத்தைக் குறைத்தும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. இரண்டையும் சரி செய்து கணக்குப் போட்டால், அண்ணியின் மாவில் ஈயம் துளியும் இல்லை என்று சொல்ல முடியாது. மண்ணில் எப்போதும் கொஞ்சம் இருக்கும். ஆனால் சட்டம் சொல்லும் அளவுக்கு வெகு கீழே.

பாஸின் அறைக்குப் போனேன். அவர் முழுவதும் கேட்டார். அவர் கெமிஸ்ட்ரி படித்தவர். அலுமினியப் பாட்டில் வரை வந்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது என்பது முகத்தில் தெரிந்தது. ஆனால் அவர் கேட்டது வேறு.

"அலுமினியத்தைப் பாக்கச் சொன்னது யாரு?"

"யாரும் சொல்லல பாஸ்."

"உன் வீட்டுக்காரர்?"

"என் வீட்டுக்காரருக்கு அலுமினியம்னா ஜன்னல் சட்டம் பாஸ்."

அவர் சிரிக்கவில்லை. "போன மாசம் நீ பெயில்னு எழுதின. இந்த மாசம் அதே ஆள், அதே சாமானைப் பாஸ்னு எழுதப் போற. நடுவுல உன் வீட்டுல சண்டை நடந்தது இந்த ஆபீசுக்கே தெரியும். ஆடிட்டர் என்ன நினைப்பான்?"

"ஆனா முதல்ல எழுதினதுதானே தப்பு?"

"முதல் தடவை நீ தப்பா இருந்த, ஆனா நேர்மையா தெரிஞ்ச. இப்ப நீ சரியா இருக்க," என்று சொல்லிவிட்டு நிறுத்தினார். மிச்சத்தைச் சொல்ல அவருக்கே கூச்சமாக இருந்திருக்கும்.

கடைசியில் அவர் சரியானதைத்தான் செய்தார். நான் அந்தப் பக்கமே போகக்கூடாது. கக் திரும்பி வந்ததும், பெயர் இல்லாமல் எண் மட்டும் ஒட்டிய பாட்டில்களில் மாவை வாங்கி முதலிலிருந்து செய்தார். இன்னொரு பங்கு, ஒளியை நம்பாமல் அணுக்களின் எடையைப் பார்த்துப் பிரிக்கும் வேறு வகை மெஷின் வைத்திருக்கும் ஷா ஆலம் லேப் ஒன்றுக்குப் போனது. கக்கின் விடையும் அவர்கள் விடையும் ஒத்துப்போயின. என் விடையோடும் ஒத்துப்போயின. ஆனால் என் விடையைக் கேட்கும் நிலையில் யாரும் இல்லை.

இதற்குள் தீபாவளி முடிந்துவிட்டது. கிள்ளான் கடை வேறு யாருடைய முகப்பூச்சையோ வாங்கி வைத்து விற்றுத் தீர்த்தது. எங்கள் பழைய கோப்புகளில் களிமண் சேர்ந்த வேறு சில பொருள்களும் இப்படிப் பெயில் ஆகியிருந்தன. பாஸ் ஒவ்வொருவருக்கும் மன்னிப்புக் கடிதம் எழுதினார். ஒரு கம்பெனி நன்றி சொல்லி, நாங்கள் அந்தப் பொருளை நிறுத்தி வெகு நாளாகிறது, உங்கள் கறாரான வேலையைப் பாராட்டி மற்றவர்களுக்கும் உங்களைச் சிபாரிசு செய்திருக்கிறோம் என்று பதில் போட்டது.

திருத்திய அறிக்கையை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை, அண்ணி வீட்டு ஹாலில்; என் கணவரும் கூட வந்திருந்தார். மூலையில் மாவு அரைக்கும் மெஷின் துணி போட்டு மூடிக் கிடந்தது. அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தார். கக்கின் கையெழுத்தைப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"பரவால்ல மா," என்றார் மெதுவாக. "நான்தான் அன்னிக்கு என்னென்னமோ பேசிட்டேன். எனக்காக நீ இவ்வளவு செஞ்சிருக்க."

"அண்ணி, நான் ஒண்ணும் செய்யல. முதல்ல வந்ததுதான் தப்பு."

"சரி மா."

"நிஜமா அண்ணி. கல்யாண மண்டபத்துல மேளம் பக்கத்துல உக்காந்துகிட்டு ஒருத்தர் பேசுறதைக் கேட்டா, எது அவர் குரல், எது மேளம்னு தெரியாதுல்ல? அந்த மாதிரி அலுமினியத்தோட சத்தத்தை ஈயம்னு..."

அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். கடன் தவணை கட்டாததற்கு வாடிக்கையாளர் காரணம் சொல்லும்போது பேங்கில் இப்படித்தான் கேட்டிருப்பார் என்று தோன்றியது.

"இருபத்தெட்டு வருஷம் பேங்க்ல இருந்தவ நான்," என்றார். "பேப்பர் எப்படி மாறும்னு எனக்குத் தெரியாதா? வேற ஆள் கையெழுத்து, எண் போட்ட பாட்டில், வேற லேப். ரொம்ப சுத்தமா செஞ்சிருக்க. யாராலயும் ஒண்ணும் கேக்க முடியாது."

சொல்லிவிட்டு எழுந்து வந்து என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அது முதல் தடவை. அவர் தோள் லேசாகக் குலுங்கியது. அவர் நினைத்தபடி நான் அறிக்கையைப் பொய்யாக மாற்றியிருந்தால்தான் அந்த அணைப்பு எனக்குச் சொந்தம். நான் அப்படிச் செய்யாததால் அதை எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று தெரியாமல் நானும் கட்டிக்கொண்டு நின்றேன். கார் ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகும்போது என் கணவர், "நல்ல காரியம் பண்ணின," என்றார்.

மளிகைக் கடைக்காரரிடம் நான் தனியாகப் போனேன்.

"அண்ணே, மஞ்சள்ல கலப்படம்னு சொன்னது எங்க அண்ணி இல்ல, நான். பாக்காமலே சொல்லிட்டேன். உங்க மஞ்சள்ல ஒண்ணும் இல்ல."

அவர் தராசைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "அதை எழுதிக் குடுங்க."

அண்ணி கொடுத்த பைக்கு அறிக்கை எழுத முடியாது, முறையாக மாதிரி எடுக்க வேண்டும் என்றேன். "அப்ப எடுங்க," என்றார். கக் ஒரு நாள் நேரில் போய் டின்னிலிருந்து எடுத்து வந்தார். அறிக்கை வந்ததும் கடைக்காரர் அதை லேமினேட் செய்து கல்லாவுக்கு மேலே முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். அடுத்த முறை நான் போனபோது அது இல்லை. கேட்டேன். "வர்றவங்க எல்லாம், ஏன் அண்ணே, ஏதாச்சும் பிரச்சினையான்னு கேக்குறாங்க," என்றார். "ஒண்ணும் இல்லாதப்ப யாரும் கேக்கல." ஆனால் அவர் எனக்குச் சுண்டைக்காய் வற்றல் எடை போடும்போது ஒரு பிடி அதிகமாகவே போட்டார். மன்னித்துவிட்டார் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

லேபில் செய்முறையைத் திருத்தினோம். அலுமினியத்தின் கட்டத்தில் இப்போது எண் இருக்கிறது, இரும்புக்கும் கால்சியத்துக்கும்கூட. கனமான கரைசல் எது வந்தாலும் நீர்க்கவைத்துப் பார்க்கிறோம், ஈயத்தைச் சேர்த்துத் திரும்பக் கிடைக்கிறதா என்று பார்க்கிறோம். பாஸ் திரையில் போடும் படத்தில் 'நேர்மை' இருந்த இடத்தில் இப்போது 'தொடர்ந்த முன்னேற்றம்' இருக்கிறது. என் கதையை அவர் அதில் சேர்க்கவில்லை. அதை எந்தப் பக்கத்திலிருந்து சொன்னாலும் கேட்பவர்கள் புருவத்தை உயர்த்துகிறார்கள் என்றார். கக் மட்டும் ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் என்னிடம், "நான் செஞ்சப்ப உன் விடை எனக்குத் தெரியாது. ஆனா எனக்கும் அதேதான் வந்துச்சு," என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காக அன்று அவருடைய நாசி லெமாக் தேங்காய்ச் சோற்றுக்கு நான் காசு கொடுத்தேன்.

அண்ணியின் மாவு பதிவாகி, அடுத்த தீபாவளிக்குக் கிள்ளான் கடைக்குப் போனது. நன்றாகவே விற்றது. அவருடைய பேத்தி பிறந்து, கொழுகொழுவென்று தவழ்ந்துகொண்டிருந்தாள். நான் வெள்ளிக்கிழமைதோறும் அந்த மாவைக் குழைத்து முகத்தில் பூசிக்கொள்கிறேன். நல்ல மாவுதான். அண்ணி மட்டும் அதைத் தொடுவதில்லை. அவர் குளியலறையில் சாதாரண சோப்புதான் இருக்கிறது; பார்த்தேன். மகளுக்கும் கொடுப்பதில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அவர் என் மானத்தைக் காப்பாற்றுவதற்காக ஏதாவது காரணம் சொல்வார்.

சமீபத்தில் பிரிக்பீல்ட்ஸ் பார்லரில் அவரோடு இருந்தபோது, புதிதாக வந்த ஒரு பெண் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஆன்டி, இதுல கெமிக்கல் ஒண்ணும் இல்லைல்ல?" என்று கேட்டாள்.

"சேச்சே," என்றார் அண்ணி. என்னைக் காட்டி, "இவங்க எங்க தம்பி வைஃப். லேப்ல இருக்காங்க. எல்லாம் அவங்க பாத்துக்குவாங்க," என்று சொல்லிவிட்டு என் கையை மெல்ல அழுத்தினார்.

அந்தப் பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள். இரண்டு பாக்கெட் வாங்கிக்கொண்டாள். போகும்முன், தன் அப்பாவுக்குக் கொலஸ்ட்ரால் ஏறியிருப்பதாகச் சொன்னாள்.